கழுதையா, கட்டெறும்பா, மஸ்டாங்கா?

இடம்: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், டெட்ராய்ட்டுக்கு வடக்கே ராயல் ஓக். ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. உட்வர்ட் அவென்யூவில் ஆண்டுக்கொரு முறை பழைய கார்கள் ஊர்வலம் போகும் நாள். தேரோட்டம் மாதிரிதான். வடம் பிடித்து இழுக்க வேண்டியதில்லை, பெரும்பாலும்.

சாலையோரப் புல்தரையில் இரண்டு வண்டிகள். ஒன்று கென்னுடைய 1953 ஃபோர்டு எஃப்-100 பிக்கப், பளபளக்கும் சிவப்பு. இன்னொன்று ஜெரியின் 1974 மஸ்டாங் 2, அதுவும் ஃபோர்டு கார்தான். காபிப்பொடி நிறம், மேலே வினைல் கூரை. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஐஸ்பெட்டி.

ஜெரி ஓய்வு பெற்ற தபால்காரர். கென் பிளம்பர், ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்பவர். முப்பது வருஷமாக அடுத்தடுத்த வீடு.

ஜெரி: அந்த ஐஸ்பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வையேன். கால் நீட்ட இடமில்லை.

கென்: அது அங்கேதான் இருக்கும். அது எல்லைக்கல்.

ஜெரி: எதற்கு எல்லை?

கென்: நாம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஜெரி: ஒரே தெருவிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பினோம். வழி முழுக்க நீ என் பின்னாலேயே வந்தாய்.

கென்: ஏதாவது கழன்று விழுந்தால் யார் பொறுக்குவது?

ஜெரி: விழுந்ததா?

கென்: இல்லை.

(சொல்லும்போது அவர் குரலில் ஏமாற்றம் தெரிகிறது.)

கென்: சரி, முன் கண்ணாடியில் என்ன அட்டை? "இது பிண்டோ இல்லை." நீயே எழுதியதா?

ஜெரி: போன வருஷம் பதினோரு பேர் கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

கென்: "என் மகன் திருடன் இல்லை" என்று வாசலில் பலகை மாட்டிவைத்த மாதிரி இருக்கிறது. சும்மா போகிறவனும் நின்று யோசிப்பான்.

ஜெரி: பிண்டோவிடமிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். அதை நான் மறுக்கவில்லை.

கென்: கொஞ்சமா? ஃபோர்டின் மிகச் சின்ன, மிக மலிவான காரின் அடித்தளத்தை எடுத்து, அதன் தலையில் மஸ்டாங் என்ற கிரீடத்தை வைத்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

ஜெரி: அப்படியா? நீ விழுந்து கும்பிடுகிற முதல் மஸ்டாங், 1964 ஏப்ரல் 17-ல் வந்ததே, அது எதன் மேல் கட்டியது?

(கென் கோக் டப்பாவைத் திறப்பதில் மும்முரமாகிறார்.)

ஜெரி: உன்னைத்தான் கேட்கிறேன்.

கென்: ஃபால்கன்.

ஜெரி: சத்தமாகச் சொல்.

கென்: ஃபால்கன்! இப்போது என்ன?

ஜெரி: வாத்தியார்களும் பாட்டிகளும் மளிகை வாங்க ஓட்டிப் போன ஃபால்கன். அதன் எலும்புக்கு மேலே அழகான தோல் போர்த்தினார்கள், ஊரே பைத்தியம் பிடித்து வாங்கியது. அதையே திட்டமிட்ட ஃபோர்டு கம்பெனி லீ அயகோக்காதான் பத்து வருஷம் கழித்து இதையும் செய்தார். அன்றைக்குச் செய்தால் மேதை, இன்றைக்குச் செய்தால் துரோகியா?

கென்: ஃபால்கன் வேறு, பிண்டோ வேறு.

ஜெரி: வேறுதான். ஃபால்கன் என்றால் வல்லூறு. பிண்டோ என்றால் திட்டுத் திட்டாக நிறம் கொண்ட குதிரை. குதிரைக்குக் குதிரை பிறந்தது முறைதானே? வல்லூறுக்குக் குதிரை பிறந்ததைத்தான் விசாரிக்க வேண்டும்.

(கென் சிரிப்பை கோக்கோடு விழுங்கப் பார்க்கிறார். கோக் மூக்கு வழியாக வருகிறது.)

கென்: பேச்சு இருக்கட்டும். பானெட்டைத் திற. உள்ளே என்ன இருக்கிறது?

ஜெரி: வி6. ஆறு சிலிண்டர், 2.8 லிட்டர்.

கென்: எட்டு சிலிண்டர் வி8 எங்கே?

ஜெரி: 1974-ல் கிடையாது.

கென்: மஸ்டாங் வரலாற்றிலேயே இங்கே வி8 கிடைக்காத ஒரே வருஷம். அந்த வருஷத்து வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறாய். எத்தனை குதிரைத்திறன்?

ஜெரி: 105.

கென்: நூற்று ஐந்து! குதிரையை விடு, ஆட்டுக்குட்டி கணக்கில்கூட அது குறைச்சல்.

ஜெரி: 1964-ல் ஆரம்ப விலைக்கு வாங்கிய மஸ்டாங்கில் எவ்வளவு தெரியுமா? 101.

கென்: அது ஆறு சிலிண்டர். மேலே காசு கொடுத்தால் 271 குதிரைத்திறன் வி8 கிடைத்தது. உன்னுடையதில் காசு கொடுத்தால் என்ன கிடைத்தது? கூரைக்கு வினைல்.

ஜெரி: அளக்கிற விதமே வேறப்பா. அந்தக் காலத்தில் எஞ்சினைத் தனியாக எடுத்து மேஜையில் வைத்து, விசிறி, சைலன்ஸர் எந்தச் சுமையும் இல்லாமல் ஓடவிட்டுக் கணக்கு எழுதினார்கள். 1972-லிருந்து எல்லாவற்றையும் மாட்டிவிட்டு அளந்தார்கள். நீ டாக்டரிடம் எடை பார்க்கும்போது பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு ஏறுகிறாயே, அந்த மாதிரிதான் 271.

கென்: என் எடையை இதில் இழுக்காதே.

ஜெரி: உன் எடையை இழுக்க அந்த 271-ம் போதாது.

(சாலையில் ஒரு 1969 மாக் 1 உறுமிக்கொண்டு போகிறது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்புகிறார்கள். இந்த விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது.)

கென்: அது மஸ்டாங்.

ஜெரி: அது மஸ்டாங்தான். ஆனால் 1973-க்குள் அது என்ன ஆயிற்று? வருஷா வருஷம் ஊதி, நீண்டு, கப்பலாகிவிட்டது. உங்கள் அண்ணன் ஒன்று வைத்திருந்தாரே?

கென்: அழகான வண்டி. நீல நிறம். பானெட் மட்டுமே ஒரு படுக்கையறை. நாலு பேர் சீட்டாடலாம்.

ஜெரி: பெட்ரோல் எப்படிக் குடித்தது?

கென்: பங்கிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் மறுபடியும்... (நிறுத்திக்கொள்கிறார்) நீ என் வாயாலேயே வரவழைக்கிறாய்.

ஜெரி: மஸ்டாங் 2 கடைக்கு வந்தது 1973 செப்டம்பர். அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்யை நிறுத்தின. பெட்ரோல் பங்குகளில் வரிசை. சில மாநிலங்களில் நம்பர் பிளேட் ஒற்றைப்படை என்றால் ஒருநாள், இரட்டைப்படை என்றால் மறுநாள். ஜனவரியில் நிக்சன் கையெழுத்துப் போட்டார், நாடு முழுக்க மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று. அந்த நேரத்தில் முதல் மஸ்டாங்கைவிடவும் ஆறரை அங்குலம் குட்டையான கார் ஒன்று ஷோரூமில் நிற்கிறது. 1973-ல் விற்ற மஸ்டாங் 1 லட்சத்து 35 ஆயிரம். 1974-ல் 3 லட்சத்து 86 ஆயிரம்.

கென்: பசி எடுத்தால் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டையும்தான் வரிசையில் நின்று வாங்குவார்கள். அதனால் அது விருந்தாகிவிடுமா?

ஜெரி: மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை 1974-ன் சிறந்த கார் என்று பரிசு கொடுத்ததே?

கென்: அதே பத்திரிகை 1971-ல் யாருக்குக் கொடுத்தது, சொல்லட்டுமா?

ஜெரி: வேண்டாம்.

கென்: செவ்ரோலெட் வேகா!

ஜெரி: வேண்டாம் என்றேனே.

கென்: வேகாத வேகா! மழை வருமா என்று வானத்தைப் பார்த்தாலே துருப்பிடிக்கும் என்பார்கள். அவர்கள் பரிசு கொடுத்தால் அந்த வண்டிக்கு ஜாதகம் பார்க்க வேண்டும்.

(இந்தச் சுற்றில் ஜெரிக்கு அடி. ஹாட்டாக்கை எடுத்து ஒரு பெரிய கடி கடிக்கிறார்.)

ஜெரி: சரி, பரிசை விடு. அந்த 1974-ல் எத்தனை சாவு விழுந்தது என்று எண்ணிப் பார். பிளைமவுத் பாரகுடா, அதே வருஷத்தோடு சரி. டாட்ஜ் சாலஞ்சர், சரி. ஏஎம்சி ஜாவலின், சரி. செவ்ரோலெட் ஸி28-ஐக்கூட அந்த வருஷத்தோடு நிறுத்திவைத்து, 1977-ல்தான் எழுப்பினார்கள். எல்லாம் உன் மாதிரி ஆட்கள் போஸ்டர் ஒட்டிக் கும்பிட்ட வண்டிகள். குட்டையாக, அசிங்கமாக, 105 குதிரையோடு என் வண்டிதான் தம் பிடித்து நின்றது. ஐந்து வருஷத்தில் 11 லட்சம் விற்றது. இல்லையென்றால் 1979-ல் அடுத்த மஸ்டாங் வந்திருக்காது. நீ இப்போது யாரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாய்?

கென்: அசிங்கமாக என்று நீயேதான் சொன்னாய். நான் சொல்லவில்லை.

ஜெரி: வாய் தவறிவிட்டது.

கென்: குதிரைச் சின்னத்தைப் பார். பழைய வண்டியில் நாலுகால் பாய்ச்சல். உன்னுடையது டாக்டர் சொன்னதற்காகக் காலையில் நடக்கப் போகிற மாதிரி இருக்கிறது. அதைவிட, கடைசியில் 1978-ல் ஒன்று விட்டார்களே, கிங் கோப்ரா! பானெட் முழுக்கப் பாம்பு ஸ்டிக்கர்!

ஜெரி: அதைப் பற்றி நான் பேச மாட்டேன்.

கென்: பெயர் குதிரை, முதுகில் பாம்பு, உள்ளே ஆமை.

ஜெரி: அதில் வி8 இருந்தது! 1975-லேயே வி8 வந்துவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து லிட்டர்!

கென்: ஐந்து லிட்டரில் எவ்வளவு திறன்?

ஜெரி: (மெதுவாக) சுமார் 140.

கென்: பாம்பென்றால் படையும் நடுங்கும். இதைப் பார்த்துப் படையே உட்கார்ந்து சிரித்திருக்கும்.

ஜெரி: நடிகை ஃபாரா ஃபாசெட் டிவியில் ஓட்டியது கோப்ரா 2. வெள்ளையில் நீலப் பட்டை. அப்போது நீ சிரித்தாயா?

(மௌனம்.)

கென்: அப்போது நான் வண்டியைப் பார்க்கவில்லை.

ஜெரி: உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு தடவை ஓட்டிப் பார். மஸ்டாங்குகளிலேயே முதன்முதலாக ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், அதாவது பற்சக்கரம் நேரே பற்சட்டத்தைத் தள்ளிச் சக்கரத்தைத் திருப்பும் அமைப்பு, இதில்தான் வந்தது. முன்னால் டிஸ்க் பிரேக் எல்லா வண்டிக்கும் உண்டு, தனிக்காசு கிடையாது.

கென்: ஸ்டீயரிங் பற்றி என்னிடம் பேசாதே. என் பிக்கப்பை ஓட்டிப் பார், அப்புறம் தெரியும். போன வருஷம் வரைக்கும் முன்னால் பழைய ஒற்றை அச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டுத்தான் திரும்பும். இந்த வசந்தத்தில் முன்பக்கம் முழுக்க மாற்றிவிட்டேன். இப்போது வெண்ணெய்! ஒரு விரல் போதும். பிரேக் மிதித்தால் வேறெங்கும் இழுக்காமல் நேராக நிற்கிறது. அதைச் செய்தவன் கையில் கொண்டுபோய் முத்தம் கொடுக்கலாம்.

ஜெரி: என்ன மாட்டினார்கள்?

கென்: நல்லதாக மாட்டு என்றேன். மாட்டினார்கள். பேசி முடித்தது என் மருமகன். நான் பில்லில் கடைசித் தொகையை மட்டும் பார்த்தேன். அப்புறம் பத்து நிமிஷம் யாரோடும் பேசவில்லை.

(இந்த நேரம் பார்த்து ஜெரியின் ஹாட்டாக்கிலிருந்து கடுகுச் சாந்து சட்டையில் விழுகிறது.)

ஜெரி: துடைக்க ஏதாவது கொடேன்.

கென்: வண்டியில் டேஷ்போர்டு பெட்டியில் பழைய காகிதம் கிடக்கும், எடுத்துக்கொள். சீட்டில் படாமல் எடு!

(ஜெரி போகிறார். காகிதத்தை எடுக்கிறார். துடைக்கப் போனவர் நிற்கிறார். முப்பது வருஷம் விலாசம் படித்த கண், எழுத்தைப் பார்த்தால் படிக்காமல் விடாது.)

ஜெரி: கென்.

கென்: என்ன?

ஜெரி: இது அந்த பில்.

கென்: அதில் துடைக்காதே, அது ரொம்ப விலை உயர்ந்த காகிதம்.

ஜெரி: படிக்கிறேன், கேள். "1953 எஃப்-100. பழைய முன் அச்சு கழற்றியது. புதிய முன் சஸ்பென்ஷன், ரேக் அண்ட் பினியன், டிஸ்க் பிரேக்குடன்." அப்புறம் இரண்டு சொல் இருக்கிறது. நான் படிக்கட்டுமா, நீ படிக்கிறாயா?

கென்: கொடு இப்படி. என் கண்ணாடி எங்கே?

ஜெரி: தலைமேல்.

(கென் படிக்கிறார். காகிதத்தைத் தூரத்தில் பிடித்துப் படிக்கிறார். கிட்டே வைத்துப் படிக்கிறார். எப்படிப் பிடித்தாலும் அதில் "மஸ்டாங் 2 வகை" என்றே இருக்கிறது.)

கென்: வகை என்றுதானே போட்டிருக்கிறது.

ஜெரி: ஆமாம், வகை. அந்தக் காலத்தில் ஹாட்ராட், அதாவது பழைய வண்டியை வேகமாக ஓடும்படி மாற்றிக் கட்டுகிறவர்கள் காயலான் கடையில் மஸ்டாங் 2-ஐத் தேடிப் பிடித்து, முன்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துப் போவார்கள். இரண்டு கை, ஒரு ஸ்பிரிங், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே குறுக்குச் சட்டத்தில் அடக்கம். சின்னது, எந்தப் பழைய வண்டிக்குக் கீழேயும் ஒண்டிக்கொள்ளும். கிடைத்ததெல்லாம் தீர்ந்துபோனதும் அதே அமைப்பைப் புதிதாகவே செய்து விற்க ஆரம்பித்தார்கள். என் வண்டியை 1978-ல் நிறுத்திவிட்டார்கள், கென். அதன் முன்னங்கால் மட்டும் இன்றைக்கும் தயாராகிறது. யார் கையில் முத்தம் கொடுக்கப் போகிறேன் என்றாய்?

கென்: மருமகனைக் கொல்ல வேண்டும்.

ஜெரி: வெண்ணெய் என்றாயே.

கென்: குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்பது இதுதான்.

(கென் எழுந்து பிக்கப்புக்குக் கீழே குனிந்து பார்க்கிறார். நெடுநேரம் பார்க்கிறார். பிறகு எதுவும் பேசாமல் பக்கத்தில் நிற்கும் 1948 ஃபோர்டுக்குக் கீழே குனிகிறார். அதற்கும் அடுத்த பழைய செவ்ரோலெட்டுக்குக் கீழே. நிமிர்ந்து திரும்பி வரும்போது முகத்தில், குடும்பப் படத்தில் தெரியாத ஒருவருக்குத் தன் மூக்கே இருப்பதைக் கண்டுபிடித்தவரின் களை.)

கென்: அந்த இரண்டிலும் இருக்கிறது.

ஜெரி: தெரியும்.

கென்: முதலிலேயே சொல்வதற்கென்ன?

ஜெரி: யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பிண்டோவா என்றுதான் கேட்கிறார்கள்.

(தொப்பி போட்ட ஒரு பையன் வந்து மஸ்டாங் 2-ஐச் சுற்றிப் பார்க்கிறான். செல்போனில் படம் எடுக்கிறான்.)

பையன்: சார், இது பிண்டோதானே?

(ஜெரி வாயைத் திறப்பதற்குள் கென் முந்திக்கொள்கிறார்.)

கென்: ஏன் தம்பி, இவ்வளவு பெரிய அட்டை மாட்டியிருக்கிறது, படிக்கத் தெரியாதா?

பையன்: மன்னிச்சிடுங்க சார். உங்க வண்டியா?

கென்: இல்லை. (ஐஸ்பெட்டியைத் தூக்கி பிக்கப்பின் அந்தப் பக்கம் வைக்கிறார்.) சொந்தம்.

பையன்: எந்த வழியில்?

கென்: முன்பக்க வழியில்.