எத்தனை பேர் மாறினார்கள் என்று கேட்கிறவர்களுக்கு

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸை அறிமுகப்படுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நடத்திய நிகழ்வைப் பற்றி வந்த அந்தப் பதிவைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், நேரம் மிச்சம். "நாள் முழுக்கக் கூட்டம் போட்டு ஒரு லேப்டாப்பில்கூட லினக்ஸ் ஏற்றவில்லை, விண்டோஸோடு வந்தவர்கள் விண்டோஸோடே போனார்கள்" என்பதுதான் சாரம். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. லைக் போட்டவர்களில் நம் ஆட்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

அறிவிப்பில் நாங்கள் போட்டது "பயன்படுத்திப் பாருங்கள்" என்று. வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வந்தவருடைய ஹார்ட் டிஸ்க்கில் கைவைப்பது எந்த ஊர் நியாயம்?

கைவைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் பேசுகிறேன். முன்பு ஒரு நிகழ்வில் உற்சாகமான தன்னார்வலர் ஒருவர், ஒரு பெண்ணின் லேப்டாப்பில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) போய் செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) அணைத்துவிட்டார். அடுத்து விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண் கேட்கிறது. டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே அந்தப் பெண்ணுக்கு அதுவரை தெரியாது. "என் பையன் போட்டோ எல்லாம் இதிலதான் இருக்கு" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. கடைசியில் அவருடைய போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து எண்ணைத் தேடிப் பிடித்தோம். நான் ஆறு ஆறு இலக்கமாக வாசிக்க, அவர் தட்டினார். லினக்ஸ் என்ற சொல்லை அவர் இனி எந்த முகத்தோடு நினைவில் வைத்திருப்பார்? அதற்குப் பிறகு வந்ததுதான் எங்கள் விதி: பேக்கப் எடுக்காத கணினியில் அன்றைக்கே இன்ஸ்டால் கிடையாது. பென்டிரைவிலிருந்தே லினக்ஸைத் தொடங்குவோம் (பூட்), வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா, வந்தவருடைய கோப்பு லிப்ரே ஆஃபீஸில் (எம்எஸ் ஆஃபீஸுக்கு இலவச மாற்று) ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்ப்போம். பிடித்திருந்தால் பென்டிரைவோடு வீட்டுக்குப் போகட்டும். பார்த்துவிட்டுப் போவதுதான் நிகழ்வு. திரும்பவும் சொல்கிறேன், பார்த்துவிட்டுப் போவதுதான் நிகழ்வு.

நானே அப்படித்தான் வந்தேன். என் கையில் முதலில் கிடைத்தது க்னாப்பிக்ஸ் என்ற லினக்ஸ் வகையின் சிடி. கிளவுஸ் க்னாப்பர் 2000-ல் வெளியிட்டது. சிடியிலிருந்தே மொத்த அமைப்பும் ஓடும், டிஸ்க்கைத் தொடாது. சிடியை வெளியே எடுத்து மறுபடி ஆன் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே நிற்கும். அந்தத் தைரியத்தில்தான் கண்டதையும் தட்டி, கண்டதையும் உடைத்துப் பார்த்தேன். மாறுவதற்கு வெகுகாலம் ஆனது. அந்த சிடியைக் கொடுத்தவர் "இன்னும் மாறலையா?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் இன்றைக்கு இங்கே இருந்திருக்க மாட்டேன், அந்தப் பதிவை எழுதியவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த குற்றச்சாட்டு இன்னும் அழகு. "மூடிய ஃபர்ம்வேர் உள்ள டிஸ்ட்ரோவைக் காட்டினீர்கள், இதுவா சுதந்திரம்?" (ஃபர்ம்வேர் என்பது வைஃபை போன்ற வன்பொருளை இயக்கும் சின்ன நிரல், மூடியது என்றால் மூலநிரல் வெளியிடப்படாதது. டிஸ்ட்ரோ என்பது லினக்ஸின் ஒரு தொகுப்பு.) ஐயா, கொள்கையில் கறாரான டிஸ்ட்ரோ என்று பெயரெடுத்த டெபியனே 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, 2023-ல் வந்த டெபியன் 12 முதல் அந்த ஃபர்ம்வேரை அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டது. கொள்கையில் டெபியன்காரர்களைவிட நீங்கள் கறார் என்றால் வாழ்த்துகள். வைஃபை வராத லேப்டாப்பை வைத்துக்கொண்டு புதியவருக்கு நான் எந்தச் சுதந்திரத்தைக் காட்டுவது? யாரும் பயன்படுத்த, மாற்ற, பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களில் முதலாவதே, விரும்பிய நோக்கத்துக்கு நிரலை இயக்கும் சுதந்திரம்தான். முதலில் அது இயங்கட்டுமே.

"லைவ் யூஎஸ்பி (பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) மெதுவாக ஓடும், லினக்ஸே மெதுவோ என்று நினைத்துவிடுவார்கள்" என்கிறார்கள். மெதுவாகத்தான் ஓடும். அதை வாயால் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

வந்தவர்கள் யார் என்று யாராவது கேட்டீர்களா? 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இவர்களுடைய கணினியில் அது இல்லை. நன்றாக ஓடும் பெட்டியைத் தூக்கிப்போட மனசில்லாமல் வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அப்படி வந்த பெரியவர் ஒருவர், எக்ஸெல் கோப்பைத் திறந்ததும் பத்தியின் (column) அகலம் மாறிவிட்டது, எப்படிச் சரி செய்வது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற நம் அறிவாளி, ஒரு நிறுவனத்தின் கோப்பு வடிவத்துக்கு அடிமையாவது பற்றி உரையாற்ற ஆரம்பித்துவிட்டார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே லேப்டாப்பை மெல்ல மூடினார். இழுத்தால் சரியாகிற பத்தி ஐயா அது! அந்த உரையை ஆற்றியவரும் சிரிப்புப் பொம்மைக்காரரும் ஒருவரேதான் என்பதை நான் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

"விமர்சனத்தை ஏற்கத் தெரியவில்லை" என்று வருவீர்கள். விமர்சனம் என்றால் முந்தின இரவு உட்கார்ந்து பென்டிரைவில் லினக்ஸ் எழுதும்போது சொல்லியிருக்கலாம். காலையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போதாமல் நாங்கள் அலைந்தபோது சொல்லியிருக்கலாம். மதியம் வந்து, ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு, சாயங்காலம் பதிவு போடுவது நோகாமல் நுங்கு தின்கிற வேலை. நாற்காலி அடுக்கும்போது எத்தனை பேர் மிச்சம் இருந்தோம் என்று எனக்குத் தெரியும். கணக்குக் கேட்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் போல.

உண்மையில் வலிப்பது அந்தப் பதிவுகூட இல்லை. அதன் கீழே, "இவங்களுக்கெல்லாம் எதுக்கு லினக்ஸ்" என்று ஒருவர் எழுத, அதற்கு நம் குழுவிலிருந்தே ஒரு இதயக்குறி. வந்தவர்களும் அதைப் படிப்பார்கள் என்று தோன்றவே இல்லையா?

அடுத்த நிகழ்வும் இதே முறையில்தான் நடக்கும். யாரையும் மாறச் சொல்ல மாட்டோம், எத்தனை பேர் மாறினார்கள் என்று எண்ணவும் மாட்டோம். பென்டிரைவ் எழுத, வாசலில் நின்று பெயர் எழுத, பயந்து கேட்பவருக்கு நான்காவது முறையும் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் வேண்டும், உள்பெட்டிக்கு வாருங்கள். எந்த டிஸ்ட்ரோ உசத்தி என்று இங்கே ஆரம்பிக்கிற கமெண்டுகளை நீக்கிவிடுவேன்.