பேஸ் கிட்டாருக்கு ஒரு ஆள் தேவை

"இந்தப் பொம்மை கிட்டாரைத் தட்டுற நேரத்துக்கு நிஜ கிட்டாரே கத்துக்கலாமே?"

பொம்மை வாத்தியங்களை வைத்து ஆடும் ராக் பேண்ட் என்ற வீடியோ கேமை விளையாடும் எந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். கேட்பவர் வீட்டில் பெரும்பாலும் ஒரு நிஜ கிட்டார் உறையோடு அலமாரிக்கு மேலே கிடக்கும், அது வேறு விஷயம். வாசிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். ஐந்து பட்டன்களும் தட்டுவதற்கு ஒரு கட்டையும் கிட்டார் ஆகிவிடாது. ஆனால் பாட்டுக் கேட்கும் காது ஒன்று இதில் வளர்கிறது. நாலைந்து வருடமாக இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. கிட்டாரின் கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என ஐந்து பட்டன்கள். திரையில் அதே நிறங்களில் கட்டைகள் மேலிருந்து உருண்டு வரும். அவை கீழேயுள்ள கோட்டைத் தொடும் நொடியில் அந்த நிறப் பட்டனைப் பிடித்துக்கொண்டு கிட்டாரின் தட்டும் கட்டையைத் தட்ட வேண்டும். டிரம்ஸுக்கு நான்கு தட்டுகள், காலுக்கு ஒரு பெடல். பாட மைக். நிலையை அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரே பாட்டில் மகள் எக்ஸ்பர்ட், அப்பா ஈஸி. எங்கள் வீட்டு நிலவரமும் இதுதான்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நீங்கள் தட்டத் தவறினால் அந்த வாத்தியத்தின் சத்தம் மட்டும் பாட்டிலிருந்து காணாமல் போகும், மற்றதெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் கேட்ட பாட்டில் திடீரென்று ஒரு ஓட்டை. அந்த இடத்தில் அதுவரை என்ன இருந்தது என்பது அப்போதுதான் காதுக்குத் தெரியும்.

இது நடக்க, ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்காக, அதாவது தனிப் பதிவாக, கையில் இருக்க வேண்டும். அது லேசில் கிடைக்கிற சரக்கு இல்லை. ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 2005-இல் கிட்டார் ஹீரோவைக் கொண்டுவந்தபோது, அதில் இருந்த பாடல்களில் பெரும்பாலானவை வேறு கலைஞர்களை வைத்து மறுபடி வாசித்துப் பதிவு செய்தவை. 2007-இல் வேறொரு குழு செய்த மூன்றாவது கிட்டார் ஹீரோவுக்காக, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் பழைய மூலப் பதிவு கிடைக்காமல், அவர்களே திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய்த் தங்கள் பாட்டை வாசித்துக் கொடுத்தார்கள். அதே வருடம் ஹார்மோனிக்ஸ் டிரம்ஸையும் மைக்கையும் சேர்த்து ராக் பேண்ட் ஆக்கியது. 2009-இல் பீட்டில்ஸ் பதிப்பு வந்தபோது இன்னும் பெரிய தலைவலி. அவர்களுடைய ஆரம்ப ஆல்பங்கள் இரண்டே டிராக்கில் பதிவானவை, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தெடுத்தார். ஒரு வீடியோ கேமுக்காக இவ்வளவு பாடு.

சரி, பேஸுக்கு, அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுருதியில் ஓடும் கிட்டாருக்கு, வருகிறேன்.

வார இறுதியில் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தால் பேஸ்மென்டில் முதலில் டிரம்ஸுக்கு அடிதடி. அடுத்து கிட்டார். மைக்கை யாராவது ஒருவர் தலையில் கட்டிவிடுவோம். பேஸ் மட்டும் எப்போதும் அநாதை. திரையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்: ஒரே நிறக் கட்டை வரிசையாக வந்துகொண்டிருக்கும். "இதுல என்னடா இருக்கு?" என்பார்கள். நான் எடுத்துக்கொள்வேன், முதலில் வேறு வழியில்லாமல், இப்போது ஆசைப்பட்டே. பீட்டில்ஸ் பதிப்பில் ஜார்ஜ் ஹாரிசனின் 'சம்திங்' பாட்டை பேஸில் வாசித்துப் பாருங்கள். மேலே ஒரு மெட்டு போகிறது, கீழே பால் மெக்கார்ட்னி இன்னொரு மெட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கல்லூரிக் காலத்திலிருந்து கேட்கிற பாட்டு. பேஸ் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இரண்டு கட்டைகளைத் தவறவிட்டேன், பாட்டு வெறும் கூடாகிவிட்டது.

இந்தக் காதோடு காரில் இளையராஜாவைப் போட்டால் அப்புறம் விமோசனமே இல்லை. குரலைக் கேட்க முடியாது. பல்லவிக்கு அடியில் பேஸ் எங்கே போகிறது, சரணத்தில் எப்படித் திரும்புகிறது என்று பின்னாலேயே ஓடுவோம். அந்த எண்பதுகளின் பாடல்கள் இப்படித் தனித்தனி டிராக்காகக் கிடைத்தால் என்னென்ன தெரியவரும் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. உரிமை வழக்குகளின் கதை தெரிந்தவர்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

மைக்கின் கதை தனி. ஆறு மாத விசாவில் வந்திருந்த அத்தை முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றவர். ஆங்கிலப் பாட்டு வேண்டாம் என்று ஒதுங்கியே இருந்தார். "அத்தை, வார்த்தை வேண்டாம், சுருதி சேர்ந்தாப் போதும்" என்று மைக்கைக் கொடுத்தேன். உண்மையும் அதுதான். பேச்சு போல வரும் சில இடங்கள் தவிர, குரலின் உயரத்தை மட்டுமே கேம் அளக்கிறது. எந்த ஸ்தாயியில் பாடினாலும் ஏற்றுக்கொள்ளும். அத்தை அகாரத்திலேயே பாடினார். திரையில் குரலின் உயரத்தைக் காட்டும் அம்பு கோட்டின் மேல் ஒட்டிக்கொண்டே போனது, பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு நீளமான ஒரு ஸ்வரத்தில் பழக்க தோஷத்தில் ஒரு கமகம் போட்டார். அம்பு மேலும் கீழும் துள்ளி, மதிப்பெண் சரிந்தது. "என்ன மாப்பிள்ளை, இது கம்பி மாதிரி நேராப் பாடச் சொல்லுதா?" என்றார். இரண்டு சங்கீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கப்புறம் அவர் வேண்டுமென்றே கமகம் போட்டுத் திரையோடு சண்டை பிடித்தது வேறு கதை.

இதில் நிஜ வாத்தியம் கற்க முடியாது என்று நான் முதலில் சொன்னது டிரம்ஸுக்கு மட்டும் செல்லாது. எக்ஸ்பர்ட் நிலையில் வருவது ஏறக்குறைய நிஜ வாசிப்புதான். இரு கையும் காலும் தனித்தனிக் கணக்கில் போகப் பழகிவிட்டால் அது நிஜ டிரம்ஸுக்கும் உதவும்.

இன்னொன்று. "சரியாத்தான் அடிச்சேன், எடுக்க மாட்டேங்குது" என்று புதிதாக வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். பெரும்பாலும் டிவிதான் குற்றவாளி. இந்தக் கால டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்கின்றன, ஒலி வேறு பாதையில் வந்தால் இன்னொரு தாமதம். இந்தத் தாமதத்தைச் சரிக்கட்ட கேமுக்குள் கேலிபரேஷன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைச் செய்யாமல் ஆட உட்காராதீர்கள்.

இப்போது வாங்க நினைப்பவர்களுக்குச் சோதனைக் காலம். 2015-இல் வந்த ராக் பேண்ட் 4-க்கு வாராவாரம் புதுப் பாடல்கள் வந்துகொண்டிருந்தன; 2024 ஜனவரியோடு அது நின்றது. 2025 அக்டோபரில் பாடல்களின் பத்து வருட உரிமம் முடிந்து, கேமையே இணையக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியவர்கள் ஆடலாம், புதிதாக வருகிறவர்கள் பழைய டிஸ்க்கைத் தேட வேண்டியதுதான். கணினியில் ஆட, இதே மாதிரியான குளோன் ஹீரோ என்ற கேம் இலவசமாகக் கிடைக்கிறது.

பழைய சாமான் கடையில் இந்தக் கிட்டாரைப் பார்த்தால் தட்டும் கட்டையை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழும்ப வேண்டும். பேட்டரி வைக்கும் இடத்தைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கன்சோலுக்கு என்பதைக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள், எக்ஸ்பாக்ஸ் 360-இன் கிட்டாரை அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸில் நேரடியாக மாட்ட முடியாது. டிரம்ஸ் என்றால் பெடலைக் கண்டிப்பாகச் சோதியுங்கள், முதல் ராக் பேண்டின் பிளாஸ்டிக் பெடல் உடைவதற்கே பேர் போனது. எங்கள் வீட்டுப் பக்கம் இருப்பவர்கள் எதுவும் வாங்க வேண்டாம், சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள். டிரம்ஸ் காலி இல்லை.