முடிவை மட்டும் சொன்னால் போதுமா?

இணையத்தில் நல்ல அறிவியல் கட்டுரை ஒன்று சிக்கிவிட்டால் எனக்கு அன்றைக்கு சீரியலும் வேண்டாம், கிரிக்கெட்டும் வேண்டாம். கண்டுபிடித்ததோடு நிற்காமல், எப்படிக் கண்டுபிடித்தார்கள், யார் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்று வரை சொல்வதைத்தான் நல்ல கட்டுரை என்கிறேன்.

2025 ஏப்ரலில் 'வேற்றுக் கோளில் உயிர்' என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. விஷயம் இதுதான்: 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி என்ற கோளில் டைமெத்தில் சல்பைடின் தடயம் தெரிவதாக, நிக்கு மதுசூதன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை வைத்துச் சொன்னது. பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடல்வாழ் நுண்ணுயிர்களிடமிருந்து வருவது. பொறுப்பான செய்தியாளர்கள் அந்த ஆய்வில் சேராத வானியலாளர்களையும் தேடிப்போய்க் கேட்டார்கள். கிடைத்திருப்பது மூன்று சிக்மா (முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று காட்டும் அளவு), கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. அப்புறம் அதே தரவை வேறு முறையில் அலசிய சிலருக்குத் தடயமே உறுதியாகத் தெரியவில்லை. எனக்கு அந்த வழக்காடல்தான் ருசி.

நம்ம ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. ஆலங்காயம் தாண்டி, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம். (இப்போது திருப்பத்தூர் மாவட்டமாம். எங்களுக்கு இன்னமும் வட ஆற்காடுதான்.) 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று அங்கே ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோள் வந்து சேரும் முன்பே விண்மீன் சில விநாடி மங்கி, மறுபடி தெளிந்தது. வானியலாளர் ஜே.சி. பட்டாச்சார்யாவும் உடன் இருந்தவரும் அதைப் புதிய துணைக்கோள் என்றே கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி பார்த்த அமெரிக்கக் குழுவுக்கோ, கோளின் இரு பக்கமும் ஒரே கணக்கில் பல மங்கல்கள் கிடைத்தன. துணைக்கோள் அப்படி மறைக்காது, வளையம்தான் மறைக்கும். பள்ளிப் புத்தகத்தில் 'யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு' என்று ஒரே வரிதான். சுவாரசியமெல்லாம் அந்த வரிக்கு வெளியே கிடக்கிறது.

தமிழில் இப்படி எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு கட்டுரைக்காக நாலு பேரிடம் பேசி, மலையேறிப் பார்த்து வர அவர்களுக்கு நேரமும் பஸ் காசும் தரத்தான் ஆள் இல்லை. 1986-இல் சென்னையிலிருந்து ரத்த மாதிரிகள் நம்ம வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்து, இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தெரியவந்த கதையைக்கூட நான் விரிவாகப் படித்தது ஆங்கிலத்தில்தான். அந்தச் சோதனைக்கூடம் நம்ம பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம்.