சித்தப்பாவின் பித்தப்பையும் கரடியின் உறக்கமும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஃபார்வர்ட் வந்தது. "இனி மயக்க ஊசியே வேண்டாம்! கரடி மாதிரி உறங்க வைத்து ஆபரேஷன்!" மேலே பனியில் சுருண்டு கிடக்கும் கரடி, கீழே நாலு கும்பிடு. பத்து நிமிடத்தில் சித்தப்பா போன் செய்தார். பித்தப்பைக் கல்லுக்காக அவருக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள். கத்தி என்றால் அவருக்குப் பயமில்லை. மயக்க ஊசி போட்டால் திரும்ப எழுந்திருப்போமா என்பதுதான் கவலை. "ஏம்மா, ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா இது நம்ம ஊருக்கு வந்துடுமா?"

வராது சித்தப்பா என்றேன். ஏன் வராது என்பதைப் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு.

முதலில், 'குளிர்கால உறக்கம்' என்று நாம் வைத்திருக்கும் பெயரே ஆளை ஏமாற்றுகிறது. அது உறக்கமே இல்லை. ஆர்க்டிக் தரை அணிலின் உடல் சூடு குளிர்காலத்தில் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கும். இதயம் நிமிடத்துக்குச் சில தடவைதான் துடிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு எழும். எழுந்து என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலான நேரம் தூங்குகிறது! கும்பகர்ணனுக்குக்கூட இப்படி ஒரு நிலைமை வந்ததில்லை.

இன்னொரு விஷயம், அப்படி முடங்கிக் கிடக்கும் பிராணியைத் தொட்டு உலுக்கினால் அது மெல்ல எழ ஆரம்பித்துவிடும். தொட்டாலே எழுகிற ஒன்றின் வயிற்றைக் கிழித்தால் சும்மா கிடக்குமா?

மயக்க டாக்டர் செய்கிற வேலை வேறு. நினைவை நிறுத்துகிறார், வலியை அடக்குகிறார், தேவைப்பட்டால் தசையைத் தளர்த்துகிறார், நம் மூச்சுக்கு அவரே பொறுப்பேற்றுக்கொள்கிறார். குளிர்கால உறக்கம் இதில் எதையும் நமக்காகச் செய்வதாகத் தெரியவில்லை. அது செய்வது ஒன்றுதான்: உடம்பின் தேவையைக் குறைக்கிறது. ரத்தமும் பிராணவாயுவும் கொஞ்சமாக வந்தாலும் செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. மயக்க மருந்து நோயாளிக்குத் தெரியாமல் வேலையை முடிக்க உதவுகிறது. குளிர் டாக்டருக்கு நேரம் வாங்கித் தருகிறது. இரண்டையும் ஒன்றாக்கித் தலைப்புப் போடுபவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

இந்த ஆசை புதிதும் இல்லை. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே, 1807இல் ஐலாவ் போர்க்களத்தின் கடுங்குளிரில் கை கால்களை வெட்டி எடுத்தபோது, விறைத்துப்போன உறுப்பில் வலி குறைவாக இருப்பதைக் கவனித்தார். அது அந்த உறுப்போடு சரி. முழு உடம்பையும் குளிர்விக்கப் பார்த்தவர் பிரெஞ்சுக் கடற்படை மருத்துவர் ஆன்றி லபோரி. ஹனோயில் பிறந்தவர். ஆபரேஷனில் ஆளைக் கொல்வது பல நேரம் கத்தி அல்ல, கத்திக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான் என்பது அவர் கட்சி. அந்த எதிர்வினையையே அடக்கிவிட்டால்?

இதில் உள்ள சிக்கலைச் சொல்ல வேண்டும். ஒருவரைச் சும்மா பனிக்கட்டியில் கிடத்தினால் உடம்பு சண்டை போடும். நடுங்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும், உள்ளே உலை இன்னும் வேகமாக எரியும். வெளியே ஐஸ், உள்ளே உலை. லபோரியும் மயக்க மருத்துவர் உகெனாரும் 1951 வாக்கில் மருந்துகளைக் கலந்து ஒரு கலவை செய்தார்கள். ஒன்று பெத்திடின் என்ற வலி மருந்து. இன்னொன்று புரோமெதசின், நம் வீட்டில் அலர்ஜிக்குக் கொடுக்கும் பெனர்கன். அப்புறம் ரோன்-பூலான்க் கம்பெனியில் சார்பாந்தியே 1950 டிசம்பரில் தயாரித்த குளோர்புரோமசின். இதைக் கொடுத்தால் உடம்பு சண்டையை விட்டுவிடும், அதன் பிறகு ஐஸ் பைகளை வைத்துக் குளிர்விக்கலாம். 'செயற்கைக் குளிர் உறக்கம்' என்றே பெயர் வைத்தார்கள். இந்தோசீனப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் செய்து பார்த்தார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் அந்த முறை நிலைக்கவில்லை. ஆனால் லபோரி ஒன்றைக் கவனித்திருந்தார். குளோர்புரோமசின் கொடுக்கப்பட்டவர்களுக்கு நினைவு தப்பவில்லை. சுற்றி நடப்பதில் அக்கறை இல்லாமல், எதுவோ நடக்கட்டும் என்று கிடந்தார்கள். மனநோய்க்கு இதைக் கொடுத்துப் பாருங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். 1952இல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சிதைவுக்கான முதல் மருந்து அப்படித்தான் வந்தது. குளிர் உறக்கம் தேடிப் போனவரின் கையில் கிடைத்தது மனநல மருத்துவத்தையே புரட்டிப்போட்ட மாத்திரை.

அந்தக் கலவை நம் ஊருக்கும் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. பிரசவ நேரத்தில் வரும் வலிப்பை அந்தக் காலத்தில் ஜன்னி என்பார்கள். தாயையும் பிள்ளையையும் சேர்த்தே கொண்டுபோன நோய். சென்னையில் டாக்டர் எம்.கே.கிருஷ்ண மேனன் இதே மூன்று மருந்துகளைக் கொண்டு வலிப்பை அடக்கும் முறையை வகுத்து 1961இல் கட்டுரை வெளியிட்டார். பல ஆண்டுகள் இந்தியாவில் அது நடைமுறையில் இருந்தது. பிறகு மெக்னீசியம் சல்ஃபேட் அதைவிட நல்லது என்று தெரிந்ததும் ஓரங்கட்டப்பட்டது. யாரோ பாரிஸில் சிப்பாயைக் குளிரவைக்கக் கலக்கிய மருந்து, சென்னையில் பிரசவ வார்டில் வேலை செய்திருக்கிறது. எனக்கு இந்தக் கரடிக் கதையை விட இதுதான் ஆச்சரியம்.

கனடாவின் டொரண்டோவில் பிகலோ என்ற அறுவை மருத்துவர் இருந்தார். இதயத்தைத் திறந்து தைக்க வேண்டுமென்றால் ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும். உடம்பைக் குளிர்வித்தால் அந்தக் கெடு நீளும் என்பது அவர் கணக்கு. 1949இல் குளிர்வித்த ஒரு நாயின் இதயம் நின்றுவிட்டது. சலிப்பில் ஒரு கம்பியால் குத்தினார், அது துடித்தது. மறுபடி குத்தினார், மறுபடி துடித்தது. அதிலிருந்து மின்பொறியாளர் ஹாப்ஸ் சேர்ந்து செய்த கருவிதான் பேஸ்மேக்கருக்கு முன்னோடி. அதோடு விட்டிருக்கலாம். குளிர்கால உறக்கத்துக்குக் காரணமான ஹார்மோன் ஒன்று இருக்கும் என்று நம்பி குளிர்காலத்தில் முடங்கும் கிரவுண்ட்ஹாக் என்ற கொறிக்கும் பிராணிகளை நூற்றுக்கணக்கில் வளர்த்து, பல ஆண்டுகள் தேடி, ஒரு பொருளைப் பிரித்தும் எடுத்தார். கடைசியில் பார்த்தால் அது பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த ரசாயனம். பாவம், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் அவர் கணக்கு சரிதான். 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமியை 28 டிகிரி வரை குளிர்வித்து, ரத்த ஓட்டத்தை ஐந்தரை நிமிடம் நிறுத்தி, இதயத்தில் இருந்த ஓட்டையைத் தைத்தார். குழந்தை பிழைத்தது. கவனியுங்கள், அந்தக் குழந்தைக்கும் மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்தார்கள். இன்றைக்கும் மகாதமனி வளைவில், அதாவது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் வளையும் இடத்தில், ஆபரேஷன் என்றால் இதய-நுரையீரல் இயந்திரத்தால் உடம்பைக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்துகிறார்கள். பக்கத்தில் மயக்க டாக்டர் உட்கார்ந்தேதான் இருப்பார்.

சரி, அந்த ஃபார்வர்ட் முழுப் பொய்யா? இல்லை. 2020இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் சகுராய் குழுவினர் சுண்டெலியின் மூளையில், உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியில், ஒரு நரம்பணுக் கூட்டத்தைத் தூண்டினார்கள். எலியின் உடல் சூடு இறங்கியது, உடம்பின் செலவு குறைந்தது, நாள்கணக்கில் அப்படியே கிடந்து பிறகு நலமாக மீண்டது. இயற்கையில் இப்படி முடங்காத பெரிய எலியிலும் நடந்தது. இதில் எனக்குப் பிடித்தது, உடம்பு சண்டை போடவில்லை. தன் சூட்டின் அளவையே அது குறைத்து வைத்துக்கொண்டது. லபோரி மருந்தால் கட்டாயப்படுத்திச் செய்ததை உள்ளிருந்தே செய்ய வைத்திருக்கிறார்கள். 2023இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஊசியும் கத்தியும் இல்லாமல், மண்டைக்கு வெளியிலிருந்து அல்ட்ராசவுண்ட் அனுப்பி இதைப் போலச் செய்தார்கள்.

எல்லாம் எலியில். எலி முப்பது கிராம், சித்தப்பா எண்பத்திரண்டு கிலோ. அவ்வளவு பெரிய உடம்பு ஆறவும் நேரமாகும், திரும்பச் சூடாகவும் நேரமாகும். 2005இல் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கொடுத்து சுண்டெலிகளை முடக்கினார்கள், உலகமே கைதட்டியது. பன்றியிடம் போனபோது அது பலிக்கவில்லை. அதே நேரம், மடகாஸ்கரில் நம் இனத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு குட்டி லெமூர் மரப்பொந்துக்குள் ஏழு மாதம் முடங்கிக் கிடக்கிறது என்பதால் கதவை முழுசாகச் சாத்திவிடவும் எனக்கு மனமில்லை.

வந்தால் எங்கே வரும்? பித்தப்பைக்கு அல்ல. குண்டடியோ கத்திக்குத்தோ பட்டு ரத்தம் எல்லாம் போய், இதயம் நின்றுவிட்டவருக்கு. பால்டிமோரில் டிஷர்மன் குழுவினர் அப்படிப்பட்டவர்களின் உடம்பில் ரத்தத்துக்குப் பதிலாக ஐஸ் போன்ற உப்புநீரை ஏற்றி, 10 முதல் 15 டிகிரிக்குக் கொண்டுபோய், காயத்தைத் தைக்க இரண்டு மணி நேரம்வரை அவகாசம் தேடும் சோதனையில் இறங்கினார்கள். 2019இல் முதன்முதலாக மனிதரிடம் செய்து பார்த்ததாகச் சொன்னார்கள். அங்கே மயக்கம் ஒரு பிரச்சினையே இல்லை. நேரம்தான் பிரச்சினை.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப கரடி வேண்டாம்கிற" என்றார். கல்லை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து என்று சித்தி போனைப் பிடுங்கி முடித்து வைத்தார்.

போன வாரம் ஆபரேஷன் நடந்தது. மயக்க மருந்து நம் உடம்பின் சூட்டுக் கட்டுப்பாட்டையும் கலைத்துவிடும், ஒன்றிரண்டு டிகிரி தானாகவே இறங்கும். அதனால் தியேட்டருக்குள் சூடான காற்று ஊதும் போர்வையைப் போர்த்தி வைத்திருந்தார்களாம். குளிர்விப்பதை விடுங்கள், குளிராமல் பார்த்துக்கொள்வதே அங்கே ஒரு வேலை. அப்படியும் வெளியே வந்தபோது பல் கிட்டிக்க நடுங்கினார். நர்ஸ் இன்னொரு கம்பளி போர்த்திவிட்டு ஒரு ஊசி போட்டார். நடுக்கத்துக்கு என்ன ஊசி சிஸ்டர் என்று கேட்டேன்.

பெத்திடின் என்றார்.