லாரிக்காக உருவான தக்காளி தொட்டிக்கு எதற்கு?

“வாங்கின தக்காளியைப் பிழிந்து தொட்டியில் போடுங்க, தானா முளைக்கும்.” செடி வளர்க்க ஆசைப்படும் எல்லோருக்கும் கிடைக்கும் முதல் ஆலோசனை இது. முளைக்கும்தான், பொய்யில்லை. நானும் இரண்டு முறை செய்தேன். முதல் முறை செடி என் உயரத்துக்கு வந்தது, காய்த்தது ஏழே ஏழு. இரண்டாம் முறை காய் நிறைய, ஆனால் தோல் ரப்பர் மாதிரி. கடையில் கிடைக்கும் அதே சுவைக்கு மூன்று மாதம் எதற்குத் தண்ணீர் ஊற்றினேன் என்று தோன்றியது.

கடைக்கு வரும் தக்காளியின் தேவையே வேறு. பெட்டியில் அடுக்கினால் நசுங்கக் கூடாது, லாரியில் குலுங்கினாலும் வெடிக்கக் கூடாது, ஒரே மாதிரி சிவக்க வேண்டும். பழைய ரகங்களில் காயின் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தப் பச்சை இல்லாத செடிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் சீரான நிறத்தைக் கொண்டுவந்தார்கள். பச்சையத்தைக் கூட்டும் ஒரு மரபணு அவற்றில் வேலை செய்வதில்லை, அதனால் பழத்தில் சர்க்கரையும் குறைகிறது என்று 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அழகுக்குச் சுவையைக் கொடுத்திருக்கிறோம்! போதாக்குறைக்கு, அந்தப் பழம் வீரிய ஒட்டு ரகமாக, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய ‘ஹைப்ரிட்’டாக இருந்தால் அதன் விதை தாயைப் போல வராது. என்னுடைய ஏழு காய்க்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒட்டு ரகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நோய் தாங்கும், நன்றாகக் காய்க்கும். விதை பாக்கெட்டாக வாங்கி வளர்க்கலாம், அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பாக்கெட் வாங்கும்போது முன்பக்கப் படத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். செடி குட்டையாக நின்றுவிடும் ரகமா, உயர்ந்துகொண்டே போகும் ரகமா? குட்டை ரகம் ஓரளவு வளர்ந்து, நுனியில் பூ வைத்ததும் நின்றுவிடும், சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து ஓயும். மற்றது ஆறடியைத் தாண்டும், கொம்பு நட்டுக் கட்ட வேண்டும், ஆனால் மாதக்கணக்கில் காய்க்கும். தொட்டிக்குக் குட்டைதான் என் ஓட்டு. எழுபது நாளில் காய்க்கும் என்று போட்டிருந்தால், பெரும்பாலும் அது நாற்றை நட்ட நாளிலிருந்து. விதைத்த நாளிலிருந்து எண்ணி ஏமாறாதீர்கள். பெயருக்குப் பின்னால் வி, எஃப், என் என்று எழுத்துகள் இருந்தால் அவை அலங்காரமில்லை. முதல் இரண்டும் இரண்டு வகை வாடல் நோய்களை, மூன்றாவது வேர்முடிச்சு நூற்புழுவை அந்த ரகம் தாங்கும் என்று அர்த்தம்.

விதைப்பது சுலபம். அரை சென்டிமீட்டர் ஆழம், மண் 25 டிகிரி வாக்கில் இருந்தால் ஒரு வாரத்தில் தலை நீட்டும். அப்புறம்தான் நம் பாசம் செடியைக் கொல்லும். காலை, மதியம், மாலை என்று தண்ணீர் தெளித்து ஒரு தட்டு நாற்றை முழுசாக இழந்திருக்கிறேன். தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் கறுத்து மெலிந்து அப்படியே சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பார்கள், வந்தபின் காப்பாற்ற முடியாது. மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சட்டும்.

வெளிச்சம் போதாமல் நாற்று நூல் மாதிரி நெட்டையாகிவிட்டால் தூக்கி எறிய வேண்டாம். இடம் மாற்றி நடும்போது முதல் இலைகள் வரை தண்டை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள். புதைந்த தண்டிலேயே வேர் விடும். கத்தரி, மிளகாய்க்கெல்லாம் இந்தச் சலுகை இவ்வளவு கிடையாது.

பழத்தைப் பிழிந்து விதைக்கும் ஆசை இன்னும் போகவில்லையா? சரி, ஒட்டு அல்லாத ரகமாகப் பார்த்து வளர்த்து, நோயில்லாத செடியில் நன்றாகக் கனிந்த பழத்தைப் பிழியுங்கள். விதையைச் சுற்றிய கொழகொழப்பு முளைப்பைத் தடுக்கும். அதனால் சாறோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, நிழலில் காயவையுங்கள். அந்தக் கிண்ணத்தை மட்டும் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வாடை வீட்டில் சண்டையே மூட்டிவிடும்.