அண்ணனின் 2,000 வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பில் நடந்ததை உங்களில் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் கை கால் முளைத்து வந்து சேர்ந்திருக்கும். "புதுசா வர்ற பையனைப் பயமுறுத்துறான்" என்று என்னைப் பற்றி ஓடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை ரயிலில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார், "என்ன தம்பி, உங்களுக்குச் சிங்கப்பூர் கட்டுப்படியாகலையாமே?" என்று. சரி, எழுதிவிடுகிறேன்.

நாம் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற பெரியவர் சொன்னது இதுதான். தை பிறந்ததும் மனைவியை அழைத்துவரப் போகிற அந்தத் தம்பியிடம், "ரெண்டு பேருக்கு மாசம் 2,000 வெள்ளி தாராளம், மிச்சத்தை ஊருக்கு அனுப்பிடலாம்." (வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.) நான் கேட்டது ஒரே கேள்வி. "அண்ணே, அதுல வாடகை இருக்கா?" இதற்குப் பெயர் பயமுறுத்தலா?

அண்ணனுக்கு வாடகை கிடையாது. செங்காங்கில் சொந்த வீவக வீடு, அதாவது அரசு கட்டிக்கொடுக்கும் அடுக்குமாடி வீடு. அதன் தவணை சம்பளத்தில் பிடித்து வைக்கும் மத்திய சேமநிதியிலிருந்து போய்விடுகிறது, கைக்கு வராத காசு என்பதால் அது அவருக்குச் செலவாகவே தெரிவதில்லை. அரசாங்கத்தின் பலதுறை மருந்தகத்தில் சலுகைக் கட்டணம். அரசாங்கம் குடிமக்கள் வீடுகளுக்குக் கொடுக்கும் சிடிசி பற்றுச்சீட்டு 300, 500 என்று வரும்போது அரிசி பருப்பு அதில் ஓடிவிடும். இந்த நாடு தன் குடிமக்களுக்குச் செய்கிறது, செய்யட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. 20 வருடம் உழைத்துத்தான் அண்ணன் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு, நேற்று வந்து இறங்கியவனுக்குத் தன் வீட்டுக் கணக்கை எடுத்துச் சொல்லலாமா? வாடகையைச் சொல்லாமல் செலவைச் சொல்லாதீர்கள். இவ்வளவுதான் நான் சொன்னது, இப்போதும் சொல்வது.

மனைவியை டிபியில், அதாவது கணவனைச் சார்ந்து தங்கும் அனுமதியில், அழைத்துவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும் என்று மனிதவள அமைச்சே விதி வைத்திருக்கிறது. இரண்டு பேருக்கு 2,000 தாராளம் என்றால் அமைச்சில் இருப்பவர்களுக்குக் கணக்கு தெரியாது போல, அண்ணன் ஒரு நாள் போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டு வரலாம்.

"ஏன் தனி வீடு? ஒரு ரூம் எடுத்துக்க வேண்டியதுதானே?" என்பீர்கள். எடுத்தோம். 2023 ஜனவரியில், பொருள் சேவை வரி 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆன அதே மாதம் வந்து இறங்கினோம் (அடுத்த ஜனவரியில் 9 ஆகிவிட்டது, நல்ல ராசி). ஈசூனில் ஒரு வீட்டில் ஓர் அறை, மாதம் 1,200 வெள்ளி. ஏசி இரவு 9 மணிக்கு மேல்தான். அப்புறம் 'லைட் குக்கிங் ஒன்லி'. என்னவென்று புரியாமலே தலையாட்டிவிட்டோம். நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், முட்டை அவிக்கலாம், எண்ணெய் காயக் கூடாது, அதுதான் லைட் குக்கிங். முதல் வாரம் என் மனைவி ரசத்துக்குக் கடுகு தாளித்தாள். வீட்டுக்கார அம்மா அறையிலிருந்து வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, சமையலறை ஜன்னலை முழுசாகத் திறந்தார், மேசை விசிறியைத் தூக்கிவந்து அடுப்பைப் பார்த்துத் திருப்பி வைத்தார், திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவர் வீடு, அவர் திரைச்சீலை. ஆனால் அன்றைக்குப் பெட்டிக்குள் போன தாளிப்புக் கரண்டி பதினோரு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதுவரை பெரும்பாலும் காப்பிக்கடைச் சாப்பாடுதான். இரண்டு பேர், இரண்டு வேளை, தேநீரோடு சேர்த்தால் ஒரு நாளைக்கு 25 வெள்ளி ஓடிவிடும். அறையில் மிச்சம் பிடித்ததைக் காப்பிக்கடையில் கொடுத்தோம்.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பேசினேன். அதற்கு அண்ணன் சொன்ன பதில், நூறு பேர் இருந்த இடத்தில், சத்தமாக: "ஏன்ப்பா, உன் வீட்ல சமைக்கத் தெரியாதா?" எல்லாரும் சிரித்தார்கள். வளையல் தட்டை வைத்துக்கொண்டு என் மனைவி நாலடி தள்ளித்தான் நின்றாள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

சரி, கணக்குக்கு வருகிறேன். இப்போது இருப்பது மூன்றறை வீடு. இந்த ஊரில் மூன்றறை என்றால் ஹாலையும் சேர்த்து எண்ணுவார்கள், படுக்கையறை இரண்டுதான். வாடகை 2,700. இரண்டு வருட ஒப்பந்தம் என்பதால் இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, ஆக 8,100 வெள்ளியை வைத்தால்தான் சாவி. மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அது 259. ஏஜென்ட்டுக்குத் தனி. கட்டில் மெத்தை பழையது, ஒரு புண்ணியவான் இலவசமாகக் கொடுத்தார், லாரிக்காரருக்குத்தான் 120 அழுதேன். இந்தப் பணத்தை யாரும் அந்தத் தம்பியிடம் சொல்லவில்லை. மாதச் செலவைக்கூட எப்படியாவது இழுத்துப் பிடித்துவிடலாம், முதல் மாதம்தான் ஆளைச் சாய்த்துவிடும். எனக்கு ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்பினார். சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து பணம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கரண்ட், தண்ணீர், எரிவாயு, இரண்டு போன், இணையம், எம்ஆர்டி ரயில், பஸ், தேக்கா சந்தையில் காய்கறி, வாடகையோடு எல்லாம் போட்டு மாதம் 3,700, 3,800 வந்துவிடும். இதில் படம் இல்லை, செந்தோசா தீவுக்குச் சுற்றுலா இல்லை. கார் பேச்சையே எடுக்காதீர்கள்.

"உலகத்துலயே செலவான ஊர்னு தெரிஞ்சுதானே வந்தே?" என்று ஒருவர் கேட்டாராம். எகானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் 2023இல் ஜூரிக்கையும் சிங்கப்பூரையும் சேர்த்து முதலிடத்தில் வைத்தது உண்மைதான். அது கார், மது என்றெல்லாம் சேர்த்துப் போடுகிற பட்டியல், நம் வீட்டுப் பட்டியல் இல்லை. நியாயமாகச் சொன்னால் இங்கே பஸ்ஸும் ரயிலும் மலிவு, உணவங்காடி நிலையத்தில் இன்னும் அஞ்சாறு வெள்ளிக்கு வயிறு நிறையும். எங்களைக் கொல்வது வாடகைதான், வேறொன்றும் இல்லை.

"சம்பளத்தை ரூபாய்க் கணக்குல பெருக்கிப் பாரு, ஊர்ல கிடைக்குமா?" பெருக்குங்கள். வாடகையையும் பெருக்குங்கள், ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் வரும்.

"சாமானை மலேசியாவுல ஜொகூர் போய் மலிவா வாங்கு." எல்லையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் சனிக்கிழமை நின்று பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

"ஒர்க் பர்மிட்ல வந்து விடுதியில தங்கியிருக்கிறவங்க சமாளிக்கலையா?" இது மட்டும்தான் எனக்கு உறைக்கிற கேள்வி. சமாளிக்கிறார்கள், என்னைவிட நூறு மடங்கு கஷ்டப்பட்டு. ஆனால் அவர்கள் மனைவியை அழைத்துவர அனுமதியே இல்லையே. அவர்கள் படுவதைக் காட்டி என் வாயை அடைக்கிறவர்கள், அவர்களுக்காக எத்தனை தடவை வாயைத் திறந்தீர்கள்?

அண்ணன் வந்த காலத்தில் அண்ணியும் வேலைக்குப் போனார். டிபியில் இருப்பவர் அப்போதெல்லாம் ஓர் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு வேலை பார்க்கலாம். 2021 மே மாதத்திலிருந்து அப்படி இல்லை, தனியாக வேலை அனுமதி வேண்டும், அதற்கு அதற்குரிய சம்பளம் கொடுக்கும் நிறுவனம் வேண்டும். என் மனைவி எம்.காம்., ஊரில் வங்கியில் இருந்தவள். இங்கே ஒரு பழைய டைரியில் வீட்டுக் கணக்கு எழுதுகிறாள். கறிவேப்பிலை வரைக்கும் எழுதுவாள். "சமைக்கத் தெரியாதா" என்று கேட்டது அவளைத்தான்.

போன வருடம் அந்த டைரியில் ஒரு பக்கத்தில் 'பல்' என்று எழுதி, எதிரே தொகை போடாமல் விட்டிருந்ததைப் பார்த்தேன். கேட்டால், "ஒண்ணுமில்லை, தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்றாள். வேர் சிகிச்சைக்கு இங்கே ஆயிரத்துக்கு மேல் ஆகும் என்று அவளே எங்கேயோ விசாரித்து வைத்திருக்கிறாள். நாலு மாதம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டிருக்கிறாள், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை. இதை அண்ணனின் 2,000 வெள்ளியில் எந்த வரியில் எழுதுவது?

பொறாமை என்கிறார்கள். அடுத்தவன் மனைவி வந்து சேர்வதில் எனக்கென்ன பொறாமை. வரட்டும், வந்து நன்றாக இருக்கட்டும், வாடகையைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

அந்தத் தம்பி நேற்று ராத்திரி போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை, குக்கர் கொண்டுவரச் சொல்லட்டுமா, இங்கேயே வாங்கலாமா என்று கேட்கத்தான். நான் வாடகை, முன்பணம் என்று ஆரம்பிப்பதற்குள் என் மனைவி போனை வாங்கிவிட்டாள். "குக்கர் இங்க முஸ்தபா கடையில கிடைக்கும் தம்பி. அந்தப் பொண்ணை மட்டும் பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வரச் சொல்லுங்க."