ஷிசோங் அழுததைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். வடசீனாவை ஆண்ட, ஜுர்சென் இனத்து ஜின் வம்சத்தின் பேரரசர் ஷிசோங் விருந்தில் பாடிக்கொண்டே அழுதார் என்று பேச்சாளர் சொன்னதும், "ஓவரா குடிச்சிருப்பாரு" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான் கை தூக்கிப் பேசப் போனேன். "உணர்ச்சிவசப்படாதீங்க சார்" என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

அந்த அழுகை சிரிக்கிற விஷயமில்லை. 1185-ம் ஆண்டு, அவருக்கு 62 வயது. ஜுர்சென்களின் பூர்வீக மண்ணான ஷாங்ஜிங்குக்குப் போயிருக்கிறார், இன்றைய ஹார்பினுக்குப் பக்கம். அவருக்கு முன்னால் ஆண்ட ஹைலிங், 1153-ல் தலைநகரை இன்றைய பெய்ஜிங்குக்கு மாற்றியதோடு விடாமல் இந்த ஷாங்ஜிங்கின் அரண்மனைகளையும் இடித்துப் போட்டிருந்தான். அதை மறுபடி எழுப்பியவர் ஷிசோங். அங்கே சொந்தபந்தங்களுக்கு விருந்து வைக்கிறார். வந்து இத்தனை மாதமாகியும் நம்ம பாட்டை ஒருவர்கூடப் பாடிக் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டு, பெரியவர்களைப் பக்கத்தில் வரச் சொல்லி, தானே பாட ஆரம்பிக்கிறார். முன்னோர்கள் பட்ட பாட்டைச் சொல்லும் பாட்டு. அவர்களை நேரில் பார்ப்பதுபோல் இருக்கிறது என்ற இடம் வந்ததும் தொண்டை அடைத்து, குரல் வரவில்லை, அழுதுவிட்டார். அதற்கப்புறம் கிழவிகள் ஒவ்வொருவராகப் பாட, அரண்மனை விருந்து வீட்டுக் கூடம் மாதிரி ஆகிவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"அவர் மொழிவெறி பிடித்தவர், அதிலும் தோற்றுப்போனவர்தானே, மொழி அழிந்துவிட்டதே" என்பார்கள். சரி, தோற்றார் என்றே வைத்துக்கொள்வோம். 1173-ல் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்து ஜுர்சென் பாட்டுகளைக் கேட்கவைத்து, உங்களில் சிலருக்கு நம் மொழியும் எழுத்தும் தெரியவில்லை, இது வேரை மறப்பது என்று கண்டித்த தகப்பன் அவர். அதே ஆண்டுதான் ஜுர்சென் மொழியிலேயே அரசுத் தேர்வும் வந்தது. சீனத்துச் செவ்வியல் நூல்களை வெறுக்கவில்லை, அவற்றை ஜுர்செனில் மொழிபெயர்க்க வைத்தார். தன் மக்கள் அவற்றைத் தங்கள் மொழியில் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டார். இதையா வெறி என்கிறீர்கள்? 1413-ல், அவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேலான பிறகும், அமுர் ஆற்றங்கரைக் கல்வெட்டில் ஜுர்சென் எழுத்து இருக்கிறது. 1636-ல் ஜுர்சென் வழிவந்த மஞ்சு அரசர் ஹுங் தைஜி தன் இளவரசர்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டச் சொன்னது இந்த ஷிசோங்கின் வரலாற்றைத்தான். தோற்றவரின் கதையை நானூற்றைம்பது வருஷம் கழித்து எதற்கு வாசிக்கவேண்டும்?

சீன விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கி ஜுர்சென் குடும்பங்களுக்குக் கொடுத்தாரே என்றால், ஆமாம், கொடுத்தார். அது தப்புதான். ஆனால் ஹைலிங் தொடங்கிவைத்த போரை நிறுத்தி, தெற்கே இருந்த சீனர்களின் சோங் அரசு ஜின்னுக்கு வருஷாவருஷம் கட்டிய வெள்ளியையும் பட்டுத்துணியையும் தலா இரண்டரை இலட்சத்திலிருந்து இரண்டு இலட்சமாகக் குறைத்து, அதன்பின் ஆண்ட காலம் முழுக்க அந்த எல்லையில் சமாதானத்தைக் காப்பாற்றியவரும் அவர்தான். சீனர்களே அவரைக் குட்டி யாவ்-ஷுன் என்றார்கள், தங்கள் ஆதிகால நல்லரசர்களின் பெயரைச் சொல்லி.

வேலை விஷயமாகப் பெய்ஜிங் போனபோது லூகோ பாலத்துக்குப் போனேன். வழிகாட்டி மார்கோ போலோவைச் சொன்னார், 1937 போரைச் சொன்னார், ஷிசோங் பெயரே வரவில்லை. 1188-ல் அங்கே கல்பாலம் கட்ட உத்தரவிட்டவர் அவர். சில மாதங்களில் இறந்துவிட்டார், பேரன்தான் கட்டி 1192-ல் முடித்தான். நடுப்பகுதியில் பழைய கற்களை அப்படியே விட்டிருக்கிறார்கள், வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த கற்கள். குனிந்து கையை வைத்துப் பார்த்தேன், நுனிவிரல்கள் உள்ளே இறங்கின.

அதே சாலையில் தெற்கே போனால் லியாங்ஷியாங். அவர் மனைவி ஊலின்தா உயிரை விட்ட ஊர். ஹைலிங் அவளைத் தலைநகருக்கு வரச்சொன்னான். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். போகமாட்டேன் என்றால் புருஷனைக் கொல்வான், வீட்டிலேயே செத்தாலும் பழி அவர்மேல்தான் விழும். அதனால் கிளம்பினாள், தலைநகரை எட்டுவதற்கு முன்னால் வழியிலேயே உயிரை மாய்த்துக்கொண்டாள். 1161-ல் அரியணை ஏறியவர் 1189-ல் சாகும்வரை வேறு யாரையும் பேரரசி ஆக்கவில்லை. பாலத்தை அவளுக்காகக் கட்டச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கல்லில் கையை வைத்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

ஆமாம், உணர்ச்சிவசப்படுகிறேன். அந்த விருந்து முடிந்து இரண்டு மாதத்தில், அவர் தலைநகருக்குத் திரும்பிச் சேரும் முன்பே, ஊலின்தா பெற்ற மகன், பட்டத்து இளவரசன், இறந்துபோனான். பிறகு பேரனுக்கு இளவரசர் பட்டம் கொடுத்தபோது, நன்றி சொல்ல வந்த அந்தப் பையன் ஜுர்சென் மொழியில் பேசினான். கிழவர் பூரித்துப் போனாராம்.